சிறுதொழில் செய்பவர்கள் வாடிக்கையாளர் கருத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவு அரைத்து விற்பவர்கள், பொடி, ஊறுகாய் போடுபவர்கள், வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர்கள், காலையும் மாலையும் டிபன் போடுபவர்கள் – மகளிர் குழுக் கூட்டங்களிலும் கல்லூரிச் சந்தைகளிலும் இவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைத்தால் வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்கு அடிக்கடி இட்லி மாவைத்தான் எடுத்திருக்கிறேன். ஒரே நாளில் நல்லது கெட்டது தெரிந்துவிடும் பொருள் என்பதால் அதை வைத்து விளக்குவது சுலபம்.

"வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அப்புறம் எதுக்குத் தனியா கருத்து கேக்கணும்?"

"எப்படி இருக்கு?" என்று நேரில் கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக "நல்லா இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். அதுவும் ஒரே தெருக்காரர், தெரிந்த வீட்டுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். பிடிக்காதவர் சண்டை போடுவதில்லை. அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கிக்கொண்டு, எதிரே பார்த்தால் "ஊருக்குப் போயிருந்தோம்" என்பார்.

அதனால் "நல்லா இருக்கு" என்பதை மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள், தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் வாரா வாரம் வாங்கி இந்த மாதம் வராதவர் யார், ஒரு கிலோ வாங்கியவர் அரைக் கிலோவுக்கு ஏன் மாறினார் என்பதெல்லாம்தான் தகவல். அவர்கள் வாயால் சொல்லாததை வாங்கும் விதத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

"சரி, அப்போ என்னதான் கேக்கறது?"

அபிப்பிராயத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "மாவு எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். "செவ்வாய்க்கிழமை வாங்குன மாவு எத்தனை நாள் வந்துச்சு? கடைசியா மிஞ்சுனதை என்ன பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு அக்கா இதைத் தன் வாடிக்கையாளர்களிடம் கேட்டார். "முதல் நாள் இட்லி, ரெண்டாம் நாள் தோசை, மூணாம் நாள் புளிச்சுப் போச்சு, வெங்காயம் போட்டு ஊத்தப்பம் ஊத்தினேன், இல்லாட்டி பணியாரம்" என்ற பதில் பல வீடுகளிலிருந்து வந்தது. எல்லாமே இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடுகள். மாவில் எந்தக் குறையும் இல்லை, ஒரு கிலோ பாக்கெட் அந்த வீடுகளுக்கு அதிகம். அரைக் கிலோ போட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் புளித்த மாவோடு மல்லுக்கட்டியவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை புது மாவு வாங்க வந்தார்கள். "மாவு எப்படி?" என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாலும் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

"எப்போ கேக்கணும்?"

அது பொருளைப் பொறுத்தது. டிபன் என்றால் காசு கொடுக்கும்போதே தட்டைப் பாருங்கள், மிச்சம் வைத்தது எதை என்று தெரியும். மாவு என்றால் மறுநாள் காலை. ஊறுகாய்க்கு இரண்டு மூன்று வாரம் விடவேண்டும், உப்பும் காரமும் காயில் இறங்கின பிறகு சொல்வதுதான் சரியான பேச்சு. பிளவுஸை டிரையல் பார்க்கும்போது கேட்பதில் பயனில்லை. ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து மணி நேரம் போட்டுவிட்டு வந்த பிறகு கேளுங்கள், அக்குளில் எங்கே பிடித்தது என்று தானாகவே சொல்வார்கள்.

"இதையெல்லாம் எதுல எழுதி வைக்கறது? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த நாள் சரக்கு, அதற்கு நாம் என்ன செய்தோம். இந்த ஐந்தும் ஒரே வரியில் இருக்கவேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். "தொண்டையில கமறுது" என்று சொன்னதை "காரம் அதிகம்" என்று நீங்கள் திருத்தி எழுதினால் விஷயமே மாறிவிடும். கமறலுக்குக் காரணம் மிளகாயின் அளவாக இல்லாமல் வறுக்கும்போது தீய்ந்ததாக இருக்கலாம். சொன்ன சொல்லைப் பார்த்தால்தான் எங்கே தேடுவது என்று பிடிபடும். போனிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் என்று ஒரு வசதி இருக்கிறது. குறை சொன்ன உரையாடலுக்கு ஒரு நிறம், பதில் சொல்லி முடித்ததற்கு ஒரு நிறம் என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் மாதம் ஒருமுறை உட்கார்ந்து மொத்தமாகப் படிக்க நோட்டுதான் வசதி.

"பேட்ச் நம்பர் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே? நான் போடறதே நாலு படி."

ஒரே தடவையில் சேர்த்துப் போட்ட சரக்கு ஒரு பேட்ச், அதை அடையாளம் காட்டுவது பேட்ச் எண். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பொருள் என்றால் சட்டப்படியே லேபிளில் அது இருக்கவேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது எல்லாம் கூடவே வரும். குறை சொல்ல யாரைத் தொடர்புகொள்வது என்று முகவரி, போன் எண், மின்னஞ்சல் போடச் சொல்வது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். பலர் இதை அதிகாரி வந்தால் காட்டுவதற்காகப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த போன் எண்ணைப் பெரிதாகப் போட்டு, "குறை இருந்தால் கூப்பிடுங்கள்" என்று தமிழில் எழுதிவிடுங்கள். எப்படியும் போட்டுத்தான் ஆகவேண்டும், அதையே கருத்து வந்து சேரும் வழியாக்கிக்கொள்ளலாம்.

பேட்ச் எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு குழுவின் மாவைப் பற்றி "புளிக்குது" என்று தொடர்ந்து குறை வந்தது. உளுந்தைக் குறைத்தார்கள், வெந்தயத்தை நிறுத்தினார்கள், உப்பைக் கடைசியில் போட்டார்கள். ஒன்றும் சரியாகவில்லை. பிறகு பாக்கெட்டில் அரைத்த தேதியோடு நேரத்தையும், எந்தக் கடைக்குப் போகிறது என்பதற்கு ஓர் எழுத்தையும் குறித்தார்கள். குறை வந்த பாக்கெட் எல்லாமே ஒரே கடைக்குப் போனது. அங்கே கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறார்கள். மாவு ராத்திரி முழுக்கப் பொங்கிக்கொண்டிருந்தது. அரைப்பதில் தப்பே இல்லாதபோது அரைக்கும் முறையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எந்தச் சரக்கு, எங்கே வாங்கியது என்று தெரியாத குறையை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

"ஒருத்தர் காரம் கம்மிங்கறார், ஒருத்தர் ஜாஸ்திங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?"

முதலில் இருவரும் ஒரே பேட்ச்சை வாங்கினார்களா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரு தடவை ராமநாதபுரம் குண்டு மிளகாய், அடுத்த தடவை கிடைத்த நீட்டு மிளகாய் என்று போட்டிருந்தால் பொடி மாறித்தான் இருக்கும். அப்போது குறை காரத்தில் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருப்பதில்.

ஒரே பேட்ச் என்றால், நடுவில் ஒரு காரத்தைப் பிடிப்பதுதான் பலருக்கும் தோன்றும் வழி. நான் அதை ஆதரிக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் அரைகுறையாகப் பிடிக்கும் பொடிதான் அதில் மிஞ்சும். திரும்பத் திரும்ப வாங்குகிறவர் யார், அவர் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் சாப்பிடும் வீடுகளே அதிகம் என்றால் காரத்தைக் குறைத்து, "காரப் பொடி" என்று தனியாக ஒன்று போடலாம். எப்போதோ ஒருமுறை வாங்கியவர் உரக்கச் சொல்கிறார் என்பதற்காக மாதாமாதம் வாங்குகிறவரின் ருசியை மாற்றிவிடாதீர்கள்.

"எத்தனை பேர் சொன்னா மாத்தலாம்?"

உடம்புக்குக் கேடு வரக்கூடியது என்றால் ஒரே ஒருவர் போதும். முடி, கண்ணாடித் துண்டு, பூஞ்சை, கெட்ட வாடை, பாக்கெட் ஒழுகல் – இதில் எது வந்தாலும் அந்தப் பேட்ச்சில் கடைகளில் மிச்சமிருப்பதை அன்றைக்கே திரும்ப எடுத்துவிடுங்கள். இன்னும் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ருசி, பதம், அளவு பற்றியது என்றால் ஒருவருக்கொருவர் தெரியாத சிலர், வெவ்வேறு நாளில், ஒரே மாதிரியான வார்த்தையில் சொல்லவேண்டும். ஒரே அபார்ட்மென்ட்டில் ஐந்து பேர் சொல்வது பல சமயம் ஒருவர் சொன்னதை நாலு பேர் திருப்பிச் சொல்வதுதான். விலை பற்றிய பேச்சு தனிக் கதை. அடுத்த கேள்வி அதுதான்.

"விலை ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. குறைச்சிடலாமா?"

அவசரப்படாதீர்கள். விலை அதிகம் என்று சொல்வது வாங்குகிறவர்களின் வழக்கம். சொல்லிக்கொண்டே வாங்குகிறார்களா, சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களா என்பதுதான் விஷயம். சொல்லிக்கொண்டே வாங்கினால் விலையில் கை வைக்கத் தேவையில்லை. போய்விட்டால் "எதோட பார்த்து அதிகம்னு சொல்றீங்க?" என்று கேளுங்கள். பக்கத்துக் கடைப் பாக்கெட்டைக் காட்டினால் அதன் எடையைப் பாருங்கள். பாதி நேரம் 250 கிராமையும் 200 கிராமையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி என்றால் எடையைப் பெரிய எழுத்தில் போட்டாலே போதும்.

சில பேருக்கு விலை அதிகம் என்றால் ஒரே தடவையில் கையைவிட்டுப் போகும் பணம் அதிகம் என்று அர்த்தம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றதும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொழில் தொடங்கி சிக் ஷாம்பூவை அதே வழியில் கிராமங்களுக்குக் கொண்டுபோனதும் இதைப் புரிந்துகொண்டுதான். பாட்டிலுக்குக் காசு ஒதுக்க முடியாத வீட்டில் ஒரு தலைக்குளியலுக்கு ஒதுக்க முடிந்தது. உங்கள் பருப்புப் பொடியை 50 கிராமில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் கவர், லேபிள், அடைக்கும் கூலி மூன்றும் சின்னப் பாக்கெட்டில் கிராமுக்கு அதிகமாக விழும். அந்தக் கணக்கைப் போடாமல் இறங்காதீர்கள்.

"வாட்ஸ்அப்ல கேட்டா ஒருத்தர்கூட பதில் போட மாட்டேங்கறாங்க."

முதலில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போக வைக்கும் பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போகும். பத்துக் கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பினால் போய்ச் சேர்ந்தாலும் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு கேள்வி, அதுவும் அவர் வாங்கியதைப் பற்றி: "அக்கா, சனிக்கிழமை கொடுத்த தக்காளித் தொக்கு தீர்ந்துடுச்சா, இன்னும் இருக்கா?" இதற்குப் பதில் வரும். "அப்படியே இருக்கு" என்று வந்தால் அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். எழுதச் சோம்பல்படுகிறவர்கள் வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். அது இன்னும் நல்லது, குரலிலேயே பாதி தெரிந்துவிடும்.

குரூப்பில் மட்டும் கேட்காதீர்கள். முதலில் ஒருவர் "சூப்பர்" என்று போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் கைகூப்பும் படம்தான்.

"வீட்டு ஆளுங்க, சொந்தக்காரங்க சொல்ற கருத்தை எடுத்துக்கலாமா?"

அபிப்பிராயமாக வேண்டாம், நாக்காகப் பயன்படுத்தலாம். உளுந்து வாங்கும் இடத்தை மாற்றப்போகிறீர்கள், இட்லி மாறுமா என்று தெரியவேண்டும் என்று வையுங்கள். மூன்று தட்டில் இட்லி வையுங்கள், இரண்டில் ஒரே உளுந்து, ஒன்றில் மற்றது. எது எது என்று சொல்லாமல், "இதுல ஒண்ணு மட்டும் வேற, எது?" என்று கேளுங்கள். தட்டுகளை ஆளுக்கு ஆள் இடம் மாற்றி வையுங்கள். பெரிய உணவு நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனை இதுதான்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் ஆறு பேரில் இரண்டு பேர் கண்டுபிடித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஐந்து பேர் கண்டுபிடித்துவிட்டால் வித்தியாசம் நாக்குக்குத் தெரிகிறது என்று அர்த்தம், வாடிக்கையாளரும் கண்டுபிடிப்பார். இதில் உறவு, மரியாதை எதற்கும் இடமில்லை. மாமியார் கண்டுபிடித்தாரா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

"குறை சொன்னா எனக்குக் கோவமா வருது. என்ன பதில் சொல்றது?"

விடியற்காலை எழுந்து அரைத்த மாவைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும். அந்த நேரத்தில் விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். "நேத்து கரண்ட் இல்லை", "உளுந்து சரியில்லை", "நீங்க வெளியில வெச்சிருப்பீங்க" – இவை உண்மையாகவே இருக்கலாம். கேட்பவர் காதில் "தப்பு உங்கமேல" என்றுதான் விழும், அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார்.

"சொன்னதுக்கு நன்றி அக்கா. பாக்கெட்டு இருந்தா தேதி தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. நாளைக்குக் காலைல வேற பாக்கெட் கொடுத்து விடறேன்." இவ்வளவுதான் முதல் பதில். காரணம் தெரிந்து சரி செய்த பிறகு இன்னொரு பதில் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்: "நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தோம், கடையில ஃபிரிட்ஜ் அணைச்சிருக்காங்க, இப்ப அந்தக் கடைக்கு ராத்திரிச் சரக்கு போடறதில்லை." குறை சொன்னவரிடமே திரும்பிப் போய் இதைச் சொல்லுங்கள். தன் பேச்சு எடுபட்டது என்று தெரிந்தவர் அடுத்த குறையை வேறு யாரிடமும் சொல்லாமல் உங்களிடம் சொல்வார். கருத்துக் கேட்பதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பதில்தான்.

"கடைக்கார அண்ணாச்சி, டெலிவரி பையன், நம்மகிட்ட வேலை பாக்கறவங்க சொல்றதெல்லாம் கருத்துல சேருமா?"

கட்டாயம் சேரும். அண்ணாச்சியிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்காமல், "எது திரும்பி வந்துச்சு? எதைக் கேட்டு வந்தவங்களை இல்லைன்னு அனுப்புனீங்க?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லி அனுப்பியது எந்தக் கணக்கிலும் வராத விற்பனை. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் தனியாக விடுங்கள்.

சந்தையில் கடை போடும்போது இன்னொன்றைக் கவனிக்கலாம். பாக்கெட்டைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பிப் பார்க்கிறார், பிறகு கீழே வைத்துவிட்டுப் போகிறார். திருப்பியபோது எதைத் தேடினார்? அவர் கண் நின்ற இடத்தைப் பாருங்கள். தேதியைத் தேடிக் கிடைக்காமல் வைத்தவர்கள் உண்டு, என்ன எண்ணெய் என்று தேடியவர்கள் உண்டு. பின்னால் நிற்பவர்களில் ஒருவர் விற்பதை விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்துக் குறித்தால் அந்த ஒரு நாள் சந்தைக்குப் போனதற்கு லேபிளாவது திருந்தும்.

"கூகுள்ல ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டுட்டார். அதை எடுக்க முடியுமா?"

நீங்களாக அழிக்க முடியாது. கெட்ட வார்த்தை, சம்பந்தமே இல்லாத பேச்சு, போட்டியாளர் போட்டது என்று கூகுள் விதிக்கு எதிராக இருந்தால் புகார் செய்யலாம், பரிசீலித்து எடுத்தாலும் எடுப்பார்கள். பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக மட்டும் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் பதில் எழுதலாம். அந்தப் பதிலைப் படிக்கப்போவது ஸ்டார் போட்டவர் மட்டுமில்லை, நாளைக்கு உங்கள் கடையைத் தேடப்போகிறவர்களும்தான். மேலே கோபம் பற்றிய கேள்வியில் சொன்ன அதே முறைதான்: நன்றி, என்ன செய்தோம், எங்கே கூப்பிடலாம். மூன்று வரிக்கு மேல் போகவேண்டாம். வாங்கியவரின் வீட்டு முகவரி, போன் எண், அவர் பாக்கி வைத்திருப்பது இதையெல்லாம் எழுதவே கூடாது. அவர் சொன்னது பொய்யாகவே இருந்தாலும் "அந்தத் தேதியில் எங்கள் கணக்கில் இப்படி ஒரு ஆர்டர் இல்லை, தயவுசெய்து எங்களைக் கூப்பிடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"நம்ம ஆளுங்களை வெச்சு நாலஞ்சு நல்ல ரிவ்யூ போட வெச்சா என்ன? எல்லாரும் பண்றாங்களே."

வேண்டாம். தள்ளுபடியோ இலவசமோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதும் கூகுள் விதிப்படி தவறு. ஆன்லைன் தளத்தில் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளர் போல நடித்துக் கருத்து எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நேராகவே சொல்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்களே போட்டுக்கொண்ட ஐந்து ஸ்டாரிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு ஒட்டி எல்லோரிடமும் பொதுவாகக் கேளுங்கள், அதில் தவறே இல்லை. மெதுவாகத்தான் சேரும், சேரட்டும்.

"வாங்கறதை நிறுத்தினவங்களைக் கூப்பிட்டுக் கேக்கறது அசிங்கமா இருக்காதா?"

விற்பதற்காகக் கூப்பிட்டால் சங்கடம்தான். தெரிந்துகொள்வதற்காகக் கூப்பிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "மறுபடியும் வாங்கச் சொல்லிக் கூப்பிடலைங்க. முன்னாடி ரெகுலரா வாங்கிட்டிருந்தீங்க, எங்க பக்கம் என்ன குறைன்னு தெரிஞ்சா திருத்திக்குவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், பேச்சின் முடிவில் "அப்போ ஒரு பாக்கெட் அனுப்பட்டுமா?" என்று ஆரம்பித்தால் அடுத்து போனையே எடுக்க மாட்டார்கள்.

வீடு மாறிவிட்டோம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், வீட்டிலேயே கிரைண்டர் வாங்கிவிட்டோம் என்றும் பதில் வரும். அவற்றையும் எழுதி வையுங்கள். உங்களால் ஒன்றும் செய்ய முடியாத காரணம் என்று தெரிந்துகொள்வதும் பயன்தான், வீணாக மாவை மாற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

"புதுசா இது போடுங்க, அது போடுங்கன்னு கேக்கறாங்க. போட்டா ஒருத்தரும் வாங்கறதில்ல."

கேட்டது பொய்யில்லை, அந்த நிமிஷத்து ஆசை அது. ஆசைக்கும் வாங்குவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிய ஒரே வழி முன்பணம். "கம்பு மாவு போடறோம், புதன்கிழமைக்கு வேணும்னா இன்னைக்கே பாதி பணம் கொடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். பணம் வந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். தீபாவளிக்கு லேகியம், முறுக்கு போடுகிறவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறார்கள், அதையே வருஷம் முழுக்கச் செய்தால் சரக்கு தேங்காது.

"அவங்க சொன்னதைக் கேட்டுத்தான் மாத்தினேன். இப்போ பழைய ஆளுங்க 'முன்னாடி மாதிரி இல்ல'ங்கறாங்க."

ஒரே நேரத்தில் எத்தனை விஷயத்தை மாற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். அரிசியும் மாறி, கவரும் மாறி, அரைக்கும் நேரமும் மாறியிருந்தால் எதனால் இந்தப் பேச்சு வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பார்ப்பது. மாற்றிய தேதியை நோட்டில் சிவப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வந்த பேச்சையும் பின்னால் வந்த பேச்சையும் தனித்தனியாகப் படிக்கலாம்.

பருவத்தையும் மறக்காதீர்கள். மார்கழிக் குளிரில் மாவு பொங்க நேரமெடுக்கும், சித்திரையில் பாதி நேரத்திலேயே புளித்துவிடும். டிசம்பரில் "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று வந்த பேச்சுக்காக உளுந்தைக் கூட்டி, அதையே மே மாதம் வரை வைத்திருந்தால் குறை வரத்தான் செய்யும். இது எதுவுமே இல்லை, மாற்றம் நல்லதுதான் என்று மேலே சொன்ன மூன்று தட்டுச் சோதனையிலும் தெரிகிறது என்றால், பழைய ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் மாற்றினால் நல்ல மாற்றம்கூட ஏமாற்றியது போல ஆகிவிடும்.

"சில பேர் சொல்ற மாதிரி செஞ்சா நம்ம தொழிலே வேற ஆயிடும் போலிருக்கு. எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணுமா?"

எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும், எல்லாவற்றையும் செய்யவேண்டியதில்லை. அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன்: "உங்க தொக்கு ஒரு வாரம்தான் தாங்குது, மூணு மாசம் கெடாம இருக்க ஏதாவது சேருங்களேன்." சில பொருளுக்குச் சில அளவில் பதப்படுத்தும் ரசாயனத்தைச் சட்டமே அனுமதிக்கிறது, அதனால் செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் வீட்டில் போட்டது, ஒன்றும் சேர்க்காதது என்பதற்காகத்தான் உங்களிடம் வருகிறார்கள் என்றால் இதற்கு "இல்லைங்க, சேர்க்க மாட்டோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். மழுப்பினால் அடுத்த மாதமும் கேட்பார்கள்.

மறுப்பதற்கு முன்னால் மட்டும் இரண்டாவது கேள்வியில் சொன்னதைச் செய்யுங்கள், நடந்ததைக் கேளுங்கள். "எதுக்குங்க மூணு மாசம்?" என்று கேட்டால், "பையன் பெங்களூர் ஹாஸ்டல்ல இருக்கான், பொங்கலுக்கு வந்தா அடுத்து கோடை லீவுக்குத்தான் வருவான்" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தொக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஈரமில்லாத பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி மூன்றையும் நன்றாக வறுத்து அரைத்து, 100 கிராம் வீதம் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரே பையில் போட்டுக் கொடுங்கள்.